ஊசியோடைத் தண்ணீர்

குப்பம்மாவுக்குக் கரையில்தான் கால் ஊனம். தண்ணீரில் கிடையாது.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. தரையில் உட்கார்ந்தவாக்கிலேயே, கைகளை ஊன்றி இழுத்து இழுத்துத்தான் நகர்வாள். உள்ளங்கையில் மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தாள். குடிசை வாசலிலிருந்து பத்தடி அப்படி நகர்ந்தால் ஏரி வந்துவிடும். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்குவாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியாது. முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புற மிதந்துகொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பாள். கழுத்தில் கட்டிய பனையோலைப் பறி கூடவே மிதந்துவரும். இறால் தட்டுப்பட்டதும் விரல்கள் மூடும்; அடுத்த நொடி அது பறிக்குள் துள்ளும்.

மட்டிக்குப்பத்து மீனவப் பெண்கள் இறால் தடவப் போவதில்லை. அது இருளர் பெண்களின் தொழில். பன்னிரண்டு வயதில் அவர்கள் பின்னாலேயே போய்க் கற்றுக்கொண்டு வந்தவள் குப்பம்மா. ஊரில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "நீங்க வந்து எனுக்குச் சோறு போடுங்க, நான் வுட்டுர்றேன்" என்று அவள் கேட்டதும் முணுமுணுப்பு அடங்கிப்போனது.

கல்யாணம் ஆகவில்லை. அக்கா குணசுந்தரியின் வீட்டை ஒட்டித் தனிக் குடிசை. அக்கா புருஷன் சகாதேவன் இன்னொரு ஆளோடு சேர்ந்து பைபர் படகு வைத்து ஏரியில் வலை விடுகிறவன். அவர்களுக்கு ஒரே பெண், சத்யா. குணசுந்தரி கூடையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போய்விட்டால் சத்யாவைப் பார்த்துக்கொண்டது குப்பம்மாதான். முருங்கைக்காயும் இறாலும் போட்டு அவள் வைக்கிற குழம்புக்காகவே சத்யா பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சின்னம்மா குடிசைக்கு ஓடுவாள். குணசுந்தரிக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சத்யா சிவில் டிப்ளமோ முடித்தாள். நான்கு வருஷமாகப் பொன்னேரியில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த இன்ஜினியர் ராஜவேலு ஆபீசில் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடும் வேலை. காலை ஏழரை பஸ்ஸில் போனால் இருட்டுவதற்குள் திரும்புவாள்.

அந்த ஆபீசுக்குத்தான் மட்டிக்குப்பத்து வேலையே வந்தது.

தொடர்ந்து இரண்டு வருஷம் புயல் மழையில் ஏரி குப்பத்துக்குள் புகுந்தது. சமைக்க அடுப்பில்லாமல் ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்த ஒரு அறக்கட்டளை, காட்டூர் ரோட்டை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்புத்தரையில் தளம் போட்ட நாற்பத்திரண்டு வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. வரைபடமும் கட்டுமானமும் ராஜவேலு பொறுப்பு. நிபந்தனை இரண்டு. பழைய குடிசைகளைப் பிரித்துவிட வேண்டும். நாற்பத்திரண்டு குடும்பமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

முதல் கையெழுத்து சகாதேவனுடையது. நாற்பத்தொன்று சேர்ந்தது. குப்பம்மா மட்டும் மாட்டேன் என்றாள்.

"எல்லாரும் போறப்ப நீ மட்டும் இங்க இன்னாடி பண்ணப்போற?" குணசுந்தரி மல்லுக்கட்டினாள். "போன ஐப்பசில கழுத்து மட்டும் தண்ணில உக்காந்துனு இருந்தியே, மறந்துட்டியா?"

"தண்ணி எனுக்குப் புதுசாக்கா? நீங்கதான் பயந்து கத்துனீங்கோ."

"மாடி வூடு மாதிரி தளம் போட்டுக் குடுக்கறாங்க. கக்கூஸ் கீது. லைட் கீது."

"கீட்டும். ஏரி கீதா? ரெண்டு கிலோமீட்டர் நான் எத்த வச்சி நடந்து வருவேன்? கக்கூஸ்ல உக்காந்து எறா தடவட்டுமா?"

மீன் ஆய்ந்துகொண்டிருந்த சகாதேவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குணசுந்தரி அவனை முறைத்தாள். அவளுக்குத் தளம் போட்ட வீடு ஒரு முறையாவது வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மழைக்குப் பாத்திரம் வைத்தே காலம் போயிற்று.

*

அறக்கட்டளைக்காரர்கள் ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். ராஜவேலு சத்யாவைக் கூப்பிட்டார்.

"கோடு போட்ட ப்ளானைக் காட்டினா உங்க ஊர்ல யாருக்கும்மா புரியும்? போட்டோ மாதிரி இருக்கணும். வீடு, தெரு, மரம், எல்லாம். மாடலை நீ போட்டு வச்சிருக்க. அதைப் படமா எடுக்க எந்த சாஃப்ட்வேர் சரிப்படும்னு ராபர்ட்கிட்ட உக்காந்து பேசு. நாலு நாள்தான் டைம்."

ராபர்ட் ஆபீசில் மூத்தவன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரல் மடக்கினான்.

"நம்மகிட்ட மூணு வழி இருக்குது சத்யா. ஒண்ணு, மாடலை நெட்ல ஒரு கம்பெனிக்கு ஏத்திவிட்டா அவங்க கம்ப்யூட்டர்ல படம் பண்ணித் தருவாங்க. நம்ம ஆபீஸ் நெட்டுக்கு ஏத்தி முடிக்கவே தீபாவளி வந்துரும். அத வுட்டுரு. ரெண்டாவது, இலவசமா கிடைக்கிறது. நல்ல சாஃப்ட்வேர்தான். சர்வே லெவல், மேடு பள்ளம் எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கும், வெளிச்சத்தையும் சரியாக் கணக்குப் போடும். ஆனா நம்ம பழைய மிஷின்ல ஒரு படத்துக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும். மரம் செடி எல்லாம் நீதான் தேடிப் புடிச்சி வைக்கணும். மூணாவது, பதினாலு நாள் ட்ரையல் ஒண்ணு இருக்குது. ரெண்டு நிமிசத்துல படம். மரம், புல்லு, கார், ஆளுங்க எல்லாம் உள்ளயே ரெடியா இருக்கும். எடுத்து எடுத்து வச்சிக்கிட்டே போலாம்."

சத்யா முதலில் இலவசத்தைத்தான் எடுத்தாள். அளவில் பிசகு வராத வேலைதான் அவளுக்குப் பிடிக்கும். காலை பத்து மணிக்கு ஓட விட்டாள். கம்ப்யூட்டர் விசிறி மிக்ஸி மாதிரி இரைந்தது. நாலு மணிக்குப் படம் வந்தது. பழுப்புத் தரை. ரோட்டைவிட மூன்றடி பள்ளத்தில் உட்கார்ந்த நாற்பத்திரண்டு வீடுகள். கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஏரியோடு சேர்ந்திருந்து எப்போதோ தூர்ந்துபோன ஊசியோடை ஒரு காய்ந்த கோடாகக் கிடந்தது. அந்த இடம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்.

ராஜவேலு எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, சுடுகாடு மாதிரி? இதப் பாத்து எவன் கை தூக்குவான்?"

மறுநாள் ட்ரையலை இறக்கினாள். வீடுகள் வந்துவிட்டன. சர்வே லெவலில் செய்திருந்த தரையைச் சேர்த்தபோதெல்லாம் மிஷின் நின்றுபோனது. மூன்று தடவை அணைத்துப் போட்டாள்.

"தரை லேயர ஆஃப் பண்ணிடு. சமமா ஒரு தரையப் போட்டுக்க. படத்துக்குத்தானே" என்றான் ராபர்ட்.

போட்டாள். பச்சைப் புல் விரிந்தது. தென்னை வைத்தாள், வேம்பு வைத்தாள், வாசலுக்கு வாசல் செம்பருத்தி வைத்தாள். வைக்க வைக்க அது ஊராக ஆகிக்கொண்டே வந்தது. ஓடை இருந்த இடம் மட்டும் காலியாகத் தெரிந்தது. இடது பக்கப் பட்டியலில் தண்ணீர் என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே குளம், ஆறு, ஏரி. ஏரியை இழுத்துக் கொண்டுவந்து அந்த இடத்தில் விட்டாள். உடனே வானம் அதில் விழுந்தது. சின்னச் சின்ன அலை அசைந்தது. சத்யா தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"ராபர்ட் அண்ணா, இங்க வந்து பாருங்களேன்!"

ராபர்ட் வந்து பார்த்தான். "ஓடைல தண்ணி ப்ளான்ல இல்லையே?"

"மழைக்காலத்துல வருமில்ல."

"சரி வுடு. ஷோக்கா கீது."

நான்கு வருஷமாக அவள் கறுப்புத் திரையில் அடுத்தவர் வீட்டுச் செப்டிக் டேங்கும் மாடிப்படியும் போட்டுக்கொண்டிருந்தவள். அழகாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்படியாக அவள் கையிலிருந்து ஒன்று வந்தது அன்றுதான். அம்மா இதைப் பார்க்கப்போகிறாள் என்பது மட்டுமே அன்று முழுக்க அவள் நினைப்பில் இருந்தது.

*

கூட்டம் பள்ளிக்கூடத்தில், பகல் பதினொரு மணிக்கு. திரை தெரிய வேண்டுமென்று ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே வேர்வையும் கருவாட்டு வாடையுமாக மூச்சு முட்டியது. சகாதேவன் குப்பம்மாவை மீன் வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

படம் திரையில் விழுந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. குணசுந்தரி வாயில் கை வைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு போட்டது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மூன்று முறை சொன்னாள்.

குப்பம்மா நகர்ந்து நகர்ந்து திரைக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் அது, கடசி வூட்டுக்குப் பின்னாடி நீலமா?"

ராஜவேலு அப்போதுதான் அதைக் கவனித்தவர் போலத் திரையைப் பார்த்தார். "தண்ணிம்மா."

"இன்னா தண்ணி? ஊசியோடையா?"

"ஆமா. ஊசியோடைதான்."

"அது தூந்துபோயி முப்பது வருசமாவுதே சார். அத்த வெட்டி, ஏரித் தண்ணிய உள்ள வுடப்போறீங்களா?"

"அதான் படத்துலயே இருக்குதேம்மா. எல்லாம் ஒவ்வொண்ணா வரும்."

குப்பம்மா அவரை விட்டுவிட்டுத் திரும்பினாள். "தே சத்யா. நீதான வரைஞ்ச? நெசமாவா?"

அறை முழுக்க சத்யாவைப் பார்த்தது. ப்ளானில் ஓடை வெட்டும் வேலை ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் முகம் எதிரே இருந்தது. தன் பக்கத்தில் அப்பா, மணிக்கட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"சார்தான் சொல்றாரே, சின்னம்மா."

குப்பம்மா மறுபடி திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அப்ப அந்தக் கடசி வூடு எனுக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

*

வீடுகள் கட்டி முடிய ஒன்றரை வருஷம் ஆனது. பங்குனியில் குடி போனார்கள். கரையிலிருந்த குடிசைகளைப் பிரித்து முள்வேலி போட்டாயிற்று.

குணசுந்தரி ஒரு வாரம் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். விசிறியைப் போட்டுவிட்டு அதற்கு அடியில் சும்மா படுத்துக்கொண்டாள். அவள் அந்த மாதிரிப் படுத்து சத்யா பார்த்ததேயில்லை.

குப்பம்மா தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தாள். ஓடையில் வேலிக்காத்தான் முள்ளும், கட்டட வேலைக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன உடைந்த ஓடும் கம்பியும் கிடந்தன.

"எப்படா வெட்டுவாங்க?" என்று வருகிற போகிறவர்களை எல்லாம் கேட்டாள். ராஜவேலு ஒரு முறை வந்தபோது அவரையும் கேட்டாள். "சொல்லியிருக்குதும்மா" என்றார் அவர்.

சத்யா விடியற்காலையில் சின்னம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றி, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு ஏரிக்குக் கொண்டுபோய் விட்டாள். ஆனால் இறால் சத்யாவின் பஸ் நேரத்துக்கு வராது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் தடவ முடியும். முன்பெல்லாம் வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்து, சமயம் பார்த்து இறங்குவாள். இப்போது தண்ணீர் ஏறி நிற்கிற நேரத்தில் போய், வடியத் தொடங்குவதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. பறியில் அடி நிறையவில்லை. ஒரு நாள் மண்மேட்டில் வண்டி சறுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். குப்பம்மாவின் தோள் உரிந்துபோனது.

"வாணாம் சத்யா. உனுக்கும் வேலைக்கு நேரமாவுது."

"இல்ல சின்னம்மா, நான் நைனாகிட்ட சொல்றேன்..."

"அந்தாளு வலையப் பாப்பாரா, என்னயப் பாப்பாரா? கம்முனு இரு. ஓடைய வெட்டுனா நானே எறங்கிக்கிறேன். இன்னும் எத்தினி மாசம் ஆவும்னு மட்டும் உங்க சார்கிட்ட கேட்டுச் சொல்லு."

சத்யா கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நாலு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டைல்ஸ் தரையில் குப்பம்மாவின் கைச்செருப்பு வழுக்கியது. வெறும் உள்ளங்கையை ஊன்றி நகர்ந்தாள். அக்கா கொண்டுவந்து வைக்கிற சாப்பாட்டைப் பாதி வைத்துவிட்டாள். யாரோ பிடித்த இறாலைக் குணசுந்தரி குழம்பு வைத்துக் கொடுத்தபோது, "சேறு வாடையே இல்ல, ஐஸ்ல கெடந்த எறா" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

*

ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பி நாலு நாள் மழை அடித்தது. வயல்காட்டுத் தண்ணீர் எல்லாம் பள்ளத்தைத் தேடிக் காலனிக்கு வந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு. ஊசியோடையில் இடுப்பளவு.

குணசுந்தரி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கிவைத்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள். பின்கதவு திறந்து கிடந்தது. குப்பம்மா தண்ணீரில் இருந்தாள். தலைமயிர் நனைந்து முகத்தில் ஒட்டியிருக்க, கழுத்தில் பறியைக் கட்டிக்கொண்டு, முள்ளுக்கு நடுவில் மிதந்து மிதந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! அது மழைத்தண்ணிடி! எறா எங்க இருந்து வரும்? மேல வா!"

"தெரியும்க்கா. கொஞ்சம் இரு. ஒடம்பு லேசா கீது. எத்தினி மாசமாச்சு."

குணசுந்தரி படியிலேயே நின்றாள். கூப்பிட மனம் வரவில்லை. பிற்பாடு அவள் சொல்லிச் சொல்லி அழுதது இதைத்தான்: "கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு வுட்டேனே."

அடியில் கிடந்த உடைந்த ஓடு குப்பம்மாவின் வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை உடம்பு. மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கிக் கறுத்துவிட்டது. பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் மத்தியானம், குணசுந்தரி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். சத்யா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாவுக்கு நினைவு இருந்தது.

"மழை வுட்டுச்சா?"

"வுட்டுச்சு, சின்னம்மா."

"இந்தத் தண்ணி வடிஞ்சதும் வெட்ட ஆரமிச்சாங்கன்னா... ஈர மண்ணு, சுளுவா வரும். உங்க சார்கிட்ட சொல்லு."

சத்யாவால் அதற்குமேல் முடியவில்லை.

"சின்னம்மா, வெட்ட மாட்டாங்க. அது ப்ளான்லயே இல்ல. அந்தத் தண்ணிய நாந்தான் வச்சேன். படம் பாக்க அழகா இருக்கணும்னு, அந்த சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்து வச்சேன். அன்னிக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

குப்பம்மா அவளைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கை போர்வைமேல் கிடந்தது.

"ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா நான் கை தூக்கியிருக்க மாட்டனேடி."

"சின்னம்மா..."

"நான் அந்தாள நம்பல. ஆபீஸ்காரன் ஆயிரம் சொல்வான். உன்னியத்தான கேட்டேன்?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குணசுந்தரி வந்து கூப்பிட்டபோது அக்காவிடம் பேசினாள், தண்ணீர் கேட்டாள். சத்யா டம்ளரை நீட்டினால் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் விடிந்து எட்டு மணிக்கு இறந்துபோனாள். அதுவரை சத்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சத்யா ஆபீஸ் போனாள். ராஜவேலு எழுந்து வந்து துக்கம் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார்.

"கெளுத்திமேடு. முப்பது வீடு. ஊசியோடையோட இந்தாண்ட பக்கம். மட்டிக்குப்பத்துக்குப் போட்டியே, அதே மாதிரி தண்ணியோட போட்டுடு. பதினெட்டாந்தேதி கூட்டம்."

சத்யா அந்த இலவச சாஃப்ட்வேரைத் திறந்தாள். இந்த முறை சர்வே லெவல் ஒன்றையும் விடவில்லை. ரோடு எவ்வளவு உயரம், தரை எவ்வளவு பள்ளம், மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்கும், எல்லாவற்றையும் வைத்தாள். மரம் இருந்த இடத்தில் மட்டும் மரம். ஓடையில் வேலிக்காத்தான். காலையில் ஓட விட்டுவிட்டு அதன் எதிரேயே உட்கார்ந்திருப்பாள். திரையில் படம் கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழே மெல்லத் தெளிந்து வரும். மூன்று நாளில் மூன்று படம்.

ராஜவேலு மூன்றையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தரை சார். அங்க இருக்கிற தரை."

"இதக் காட்டினா வேலை நடக்குமா? அந்த ஜனங்களுக்கு வீடு வேணாமா? உங்க வீடு நான் கட்டினதுதானே? ஒழுகுதா?"

"ஒழுகல சார்."

"அப்புறம்?"

சத்யா படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "உன் மனசு சரியில்ல. ஒரு வாரம் லீவு எடு. ராபர்ட் பாத்துக்குவான்" என்றார். ராபர்ட் தலை நிமிராமல் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டான்.

பதினெட்டாம் தேதி சத்யா கெளுத்திமேட்டுக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்று சகாதேவன் கேட்கவில்லை. வலைக்குப் போகாமல் மொபெட்டை எடுத்தான்.

அங்கேயும் பள்ளிக்கூடம், தார்ப்பாய், அதே புழுக்கம். சத்யா பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். ராபர்ட் படத்தைப் போட்டான். பச்சைப் புல், பின்னால் நீலம். அங்கேயும் பெண்கள் சத்தம் போட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்து, "ஓடைல தண்ணி வந்துருமா சார்? படக வூட்டாண்டயே கட்டலாமா?" என்றாள்.

ராஜவேலு வாயைத் திறப்பதற்குள் சத்யா எழுந்துவிட்டாள்.

"தண்ணி வராது. ப்ளான்ல இல்ல. அது சும்மா படத்துல வைக்கிற தண்ணி."

எல்லோரும் திரும்பினார்கள். ஊர்ப் பெரியவர் தேசப்பன், "நீ யாரும்மா?" என்றார்.

"மட்டிக்குப்பம் சகாதேவன் பொண்ணு. எங்க ஊருக்கு இதே மாதிரி படம் போட்டவ நாந்தான். அதுல தண்ணி வச்சது நாந்தான். எங்க சின்னம்மா அத்த நம்பி வந்துட்டா. போன மாசம் செத்துட்டா."

ராஜவேலு ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கைக்குழந்தைக்காரி சத்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "தண்ணி இல்லன்னாலும் வூடு நெசந்தான?"

"வூடு நெசந்தான். பள்ளத்துல கீது. மழைக்கு உள்ள வரும், கணுக்கால் மட்டும். மேல ஒழுகாது. ஏரி ரெண்டு கிலோமீட்டர்."

"அப்ப சரி. அத்த வச்சி நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். கூட்டம் அதைப் பற்றிச் சளசளவென்று பேசத் தொடங்கியது. சத்யா வெளியே வந்தாள்.

சகாதேவன் புங்கமரத்தடியில் மொபெட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கும்.

"சொல்ட்டியா?"

"சொல்லிட்டேன், நைனா. இனிமே வேலைக்குப் போக முடியாது."

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தான்.

"அன்னிக்கு உம் பக்கத்துலதான் நானும் உக்காந்துனு இருந்தேன்" என்றான்.

வண்டியில் ஏறப்போன சத்யா நின்றாள்.

"அந்த ஓடைய எவனும் வெட்ட மாட்டான்னு எனுக்குத் தெரியும். நாப்பது வருசமா ஏரில கீறேன். முகத்துவாரத்தையே வெட்ட வக்கில்லாதவனுங்க, இத்த வந்து வெட்டுவானுங்களா? அவ உன்னியக் கேட்டா. நீ சின்னப் பொண்ணு, உங்க சாரு எதிர்ல நிக்கறாரு. நான் வாயத் தொறந்துருக்கணும். உங்கம்மா மூஞ்சப் பாத்தேன். அந்த வூடு வந்துட்டா போதும்னு கம்முனு உக்காந்துட்டேன். நாந்தான் அவள வண்டில வச்சித் தள்ளினு போனேன், சத்யா."

அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. அவன் இப்போதும் அழவில்லை. மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. அவளுக்குக் கூடப் பொறந்தவ. அந்த வூட்டுல இருக்க மாட்டா அப்புறம்."

சத்யா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கெளுத்திமேடு தாண்டி, காட்டூர் ரோட்டில் திரும்பினார்கள். அறுவடைக்கு நின்ற நெல்லின்மேல் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. காலனி தெரிந்ததும் அவள் அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"சொல்லிடலாம், நைனா."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"எங்கிட்ட சின்னம்மா இன்னா சொன்னான்னும் அம்மாக்குத் தெரியாது. கேட்டுனே கீறா, கடைசில உன்னாண்ட ஏன் பேசலன்னு. ரெண்டு பேரும் சேந்தே சொல்லிடலாம்."

சகாதேவன் வண்டியை வீட்டின் முன்னால் நிறுத்தினான். நிறுத்திவிட்டு, வழக்கம்போல் படகைப் பார்க்கப் போகாமல் அவள் கூடவே நடந்தான்.

குணசுந்தரி வாசல்படியில் அரிவாள்மணையை வைத்து மடவை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, முதலில் மகளையும் பிறகு புருஷனையும் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிக்கிறீங்க?"

சகாதேவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். சத்யாவும் உட்கார்ந்தாள்.